மேல்மாடி வாடகை வீடும் டெல்லி வெயிலும்: மயூர் விஹாரில் ஒரு நிகழ்வு ஆய்வு

கிழக்கு டெல்லியில், மயூர் விஹார் பேஸ் 1 பகுதியில் உள்ள ஒரு மேல்மாடி வாடகை வீட்டில் 2024 ஜூன் முதல் 2025 ஜூலை வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். வீட்டுக்காரர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணத்துக்குப் போய்விட்டார். வீட்டின் சாவியும் பொறுப்பும் அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கும் என்னிடம். சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

1980களில் டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய கட்டடம். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்கு இரண்டு வீடுகள். மேல்மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கும் மேலே ஒரே மொட்டைமாடி. ஆய்வுக்குரிய வீட்டில் இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், மேற்கே பார்த்த ஒரு பால்கனி.

வீட்டுக்காரர் குடும்பத்தோடு முப்பது வருடம் அங்கேதான் இருந்தார். அந்தக் காலத்தில் மொட்டைமாடியில் மண்ணும் செங்கல் ஓடும் பதித்திருந்தார்கள். வருடா வருடம் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாயங்காலம் நாலு வாளி தண்ணீர் தெளித்துவிட்டு, ராத்திரி கயிற்றுக் கட்டிலை மேலே கொண்டுபோய்ப் போட்டுப் படுப்பார்கள். 2018 மழையில் கூரை ஒழுகியது. மேலிருந்த ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, இரண்டு வீடுகளுக்கும் சேர்த்துக் கறுப்புத் தார் ஷீட் ஒட்டினோம். ஒழுகல் நின்றது. வேலை நன்றாக முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஷீட் ஒட்டிய ஆளைப் பார்த்து அனுப்பியது நான்தான்.

2023 அக்டோபரில் ஒரு குடும்பம் குடிவந்தது. கணவருக்கு நொய்டாவில் வேலை, மனைவி பள்ளி ஆசிரியை, ஆறு வயதில் ஒரு பையன். 2024 மே மாதம் பள்ளி விடுமுறையில் பேரனைப் பார்த்துக்கொள்ள, கணவரின் அம்மா சேலத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்.

2024 ஜூனில் நடந்தது

மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அந்த வாரமே கணவர் ஒன்றரை டன் ஏசி ஒன்றை வாங்கி, மனைவியும் பையனும் படுக்கும் அறையில் மாட்டினார். அம்மா கூடத்தில் படுத்தார். “ஏசி காத்து எனக்கு ஒத்துக்காது, கூலரே போதும்” என்று அவர் சொன்னதாக மருமகள் பிறகு என்னிடம் சொன்னார்.

ஜூன் இரண்டாவது வாரத்தில் சமையலறையில் மிக்சி ஓடும்போதெல்லாம் வீட்டில் கரண்ட் போக ஆரம்பித்தது. வந்த எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் எம்.சி.பி.யை (அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் தானாக விழும் சுவிட்ச்) கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டார். அப்புறம் கரண்ட் போகவில்லை. ஜூன் 16 அன்று ஏசி பிளக் உருகி, சுவரில் கருகல் வாசனை வந்தது. ஏசியை நிறுத்திவிட்டார்கள். எம்.சி.பி. விழுவது ஒயரைக் காப்பாற்றத்தான். ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யைப் பெரிதாக்கினால், அதற்குப் பிறகு சூடேறிக் கருகுவது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான். மறுநாள் இரும்பு உடம்புள்ள கூலரில் தண்ணீர் ஊற்றும்போது கணவருக்கு லேசாக ஷாக் அடித்தது. அதையும் நிறுத்தினார்கள். மிச்சம் இருந்தது மின்விசிறி மட்டும்.

ஜூன் 18 இரவு சஃப்தர்ஜங்கில் வெப்பம் 35.2 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மருமகள் என்னைக் கூப்பிட்டார்: “அங்கிள், அத்தை வாந்தி எடுத்துட்டாங்க. பையன் பேரையே மாத்திச் சொல்றாங்க. கொஞ்சம் மேல வாங்க.” நான் போனபோது அந்த அம்மா சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு அனலாக இருந்தது. புடவையை நனைத்து, அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வெப்பத் தாக்கு முற்றுவதற்கு முன்பே கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர். இரண்டு நாளில் தேறி, அந்த வாரக் கடைசியில் சேலத்துக்கே திரும்பிவிட்டார்.

பேச்சு குழறுவதும் நினைவு தடுமாறுவதும் வெறும் களைப்பின் அறிகுறி இல்லை, அவசர நிலையின் அறிகுறி. இதை அன்று அந்த வீட்டில் அறிந்திருந்தவர் மருமகள் ஒருவர்தான். அவர் அந்த நேரத்தில் விழித்துக்கொண்டதால் தப்பித்தோம்.

குடும்பம் ஜூலை 10 அன்று வீட்டைக் காலி செய்தது. ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் இருந்தும் வீட்டுக்காரர் அதைக் கேட்கவில்லை. முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் கண்டது

அவர்கள் காலி செய்வதற்கு முன், ஜூன் 21 முதல் 26 வரை, இரண்டு சாதாரண வெப்பமானிகளை வைத்து நேரம் நேரமாகக் குறித்தேன். 28-ஆம் தேதி பெருமழையோடு பருவமழை வந்துவிட்டது.

பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் 38 டிகிரி. ராத்திரி ஒன்பதரைக்கு 39.5. அதே நேரம் வெளியே பால்கனியில் 35. வெயில் போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வீடு உச்சத்துக்குப் போகிறது. ஸ்டூலில் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. கறுப்பு ஷீட் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிறது. கான்கிரீட் அதை மெதுவாக உள்ளே விடுகிறது. ராத்திரி படுத்திருப்பவர் மேல் இறங்குவது மத்தியானத்து வெயில். மின்விசிறி சீலிங்குக்குக் கீழே இருக்கும் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது.

ஒயரிங்கைப் பிரித்துப் பார்த்தபோது பழைய அலுமினிய ஒயர். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் ஒரே லைன். எர்த் ஒயர் போர்டு வரை வந்து, எதோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. வாடகை வாங்கும் வீட்டில் எர்த் இல்லை என்பதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மேற்குப் பால்கனியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கனமான திரை இருந்தது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலை அந்தத் திரையால் வெளியே அனுப்ப முடியாது. மொட்டைமாடித் தொட்டி கறுப்பு. மத்தியானம் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத தண்ணீர்.

யார் செய்ய வேண்டியது

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அவர் முதலில் சொன்னது: “டெல்லி வெயில் என்ன புதுசா? நாங்க முப்பது வருஷம் ஃபேனோட இருந்தோமே. ஒரு ஏசி வாங்கிப் போட்டுடு, வாடகையில ரெண்டாயிரம் ஏத்திக்கலாம்.”

“அண்ணா, நீங்க இருந்தப்போ மேல ஓடு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. ராத்திரி மாடியில படுத்தீங்க. இப்போ மேல இருக்கறது தார்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தம்மா இப்போ எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். அதற்குப் பிறகு செலவைப் பற்றி அவர் வாதம் செய்யவில்லை.

சட்டம் பெரிதாக வழிகாட்டவில்லை. 1958-ஆம் வருட டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டைப் பழுதுபார்த்து வைப்பது உரிமையாளர் கடமை என்கிறது. ஆனால் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் ஒரு பிரிவினை தருகிறது: கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பு, குழாய், ஒயரிங் உரிமையாளருடையவை, குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் போன்றவை குடியிருப்பவருடையவை. மாநிலங்கள் ஏற்றால்தான் அது சட்டம் ஆகும். ஆனாலும் நாங்கள் அதை நியாயமான அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். கூரையும் ஒயரும் தொட்டியும் வீட்டுக்காரர் செலவு. கூலரும் ஏசியும் குடிவருபவர் விருப்பம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏசி முதலில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த ஒயரில் இன்னொரு ஏசி மாட்டுவது ஆபத்து. அதோடு மின்கட்டணக் கணக்கும் இருந்தது. டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 வரை பாதிச் சலுகை, அதிகபட்சம் 800 ரூபாய். 400-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் சலுகை மொத்தமாகப் போய்விடும். கூரை இப்படிக் கொதிக்கும் வீட்டில் ஏசி ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடும். அந்தக் குடும்பத்தின் ஜூன் பில்லில் ஏசி பாதி மாதம்தான் ஓடியிருந்தது, அப்படியும் 400-ஐத் தாண்டிவிட்டது. இன்னொன்று, ஏசி ஓர் அறையைத்தான் குளிர்விக்கும். கூடத்தில் படுத்தவருக்கு அதனால் என்ன பயன்? இந்த வீட்டில் விழுந்தது கூடத்தில் படுத்தவர்தான்.

கூரைக்கு நாலு வழி பார்த்தோம். ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு கான்கிரீட்டுக்குள் வந்த பிறகு தடுப்பதாகும். ஏற்கெனவே உயரம் குறைந்த அறை. பச்சை வலை கட்டலாம், டெல்லியின் புழுதிப் புயலில் அது எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. வெள்ளை ஓட்டுச்சில் பதிப்பது நல்ல முறைதான், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் நாற்பது வருடக் கான்கிரீட் மேல் அவ்வளவு பாரம் ஏற்ற வேண்டாம் என்று பார்க்க வந்த பொறியாளர் சொன்னார். மிஞ்சியது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. தார் மேல் நேரே அடித்தால் பழுப்பு கசிந்து மேலே வந்துவிடும். ஷீட்டும் பல இடத்தில் உப்பியிருந்தது. அதனால் ஷீட்டை உரித்து, விரிசல்களை அடைத்து, வலைத்துணி பதித்து, ஒழுகலையும் வெயிலையும் சேர்த்துத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடிப்பது என்று தீர்மானித்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் பாதிக்குச் சம்மதிக்கவில்லை. ஷீட்டுக்குப் போட்ட பணம் இன்னும் வீணாகவில்லை என்பது அவர் வாதம், அதையும் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால் மொட்டைமாடி பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று ஆனது. எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதியாக அமைந்தது.

ஒயரிங்: ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. வீட்டுக்கு மொத்தமாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் சுவிட்ச்). எர்த்தைக் கடைசி வரை இணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தோம். அனுமதிக்கப்பட்ட லோடு 2 கிலோவாட்டிலிருந்து 4 ஆனது. நிலைக் கட்டணம் மாதம் 40 ரூபாயிலிருந்து 200 ஆகும் என்பதைப் புது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதினோம்.

மேற்குப் பால்கனியில், கண்ணாடிக்கு வெளியே, மூங்கில் தட்டி கட்டினோம். தொட்டியை வெள்ளை நிறத்தில் மாற்றினோம். இவை ஒரு நாள் வேலை.

வேலை நடந்த விதம்

வீடு செப்டம்பர் கடைசி வரை காலியாகக் கிடந்தது. அக்டோபர் 1 முதல் இரண்டு செவிலியர்கள் குடிவந்தார்கள், ஒருவர் திருநெல்வேலி, இன்னொருவர் நாகர்கோவில். முந்தைய கோடையில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். “சரி அங்கிள், கோடைக்கு முன்னாடி முடிச்சுக் கொடுத்துடுவீங்கல்ல?” என்றுதான் கேட்டார்கள்.

ஒயரிங் நவம்பரிலேயே முடிந்தது. கூரை வேலையை பிப்ரவரியில் தொடங்கத் திட்டமிட்டோம். மேஸ்திரி ஹோலிக்கு ஊருக்குப் போனவர் மார்ச் கடைசியில்தான் திரும்பினார். ஷீட்டை உரிக்க நாலு நாள். முதல் கை ஏப்ரல் 9. இரண்டாவது கை ஏப்ரல் 11 காலையில் அடித்தோம். அன்று சாயங்காலம் டெல்லி முழுக்கப் புழுதிப் புயல் வீசியது. காயாத பூச்சு மேல் மண் அப்பி, வெள்ளை மாடி காவி நிறமாகிவிட்டது. தேய்த்துக் கழுவி, மூன்றாவது கை அடிக்க வேண்டியதாயிற்று. கூரைக்கு 28,000 ரூபாய் என்று போட்ட கணக்கு 36,500-ல் முடிந்தது. ஒயரிங் 17,000. தட்டியும் தொட்டியும் சேர்த்து 11,000.

மொத்தம் 64,500. வீடு காலியாகக் கிடந்த நாட்களில் போன வாடகை கிட்டத்தட்ட 70,000.

2025 கோடை

அந்த வருடம் மே மாதம் டெல்லியில் வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை. 2024-ஐயும் 2025-ஐயும் நேராக ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவோம். அதனால் ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டு மேல்மாடி வீடுகளிலும் வெப்பமானி வைத்தோம். பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் மனமுவந்து இடம் கொடுத்தார்.

உண்மையான சோதனை ஜூன் 10 முதல் 12 வரை, வெப்பம் 43 டிகிரியைத் தாண்டிய நாட்களில். இரவு ஒன்பதரைக்குக் கறுப்புக் கூரை வீட்டுக் கூடத்தில் 38. வெள்ளைக் கூரை வீட்டில் 34.5. பகல் மூன்று மணிக்கு வித்தியாசம் இரண்டு டிகிரிதான். அதாவது ஆதாயம் பெரும்பாலும் ராத்திரியில்தான் கிடைத்தது. சீலிங்கில் கை வைத்தால் சாதாரணச் சுவர் போல இருந்தது. 34.5 என்பது குளிர்ச்சி இல்லை. ஆனால் அந்த அளவில் மின்விசிறிக்குப் பயன் உண்டு, வியர்வை காயும்.

இரண்டாம் மாடி மாமி வருடா வருடம் மொட்டைமாடியில் வடாம் போடுவார். இந்த முறை இரண்டு பக்கமும் பாயை விரித்துப் பார்த்துவிட்டு, “கறுப்புப் பக்கம் ஒரு நாள் முன்னாடியே காஞ்சுடறது” என்றார். வெப்பமானியைக் காட்டியும் நம்பாத பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

செவிலியர்கள் பிளாஸ்டிக் உடம்புள்ள கூலர் வாங்கினார்கள். ஒருவர் ஊரிலிருந்து வெட்டிவேர் கொண்டுவந்து கூலர் தட்டியில் செருகினார், வீடே மணந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவது என்று பழகிக்கொண்டார்கள். கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருந்தால்தான் ஈரம் வெளியேறும் என்பதை ஒரு தடவை செய்து காட்ட வேண்டியிருந்தது. வாரம் ஒருமுறை கூலர் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தார்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டை ஈரம் பட்ட ஓரங்களில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது. ஜூன் கடைசியில் பருவமழைப் புழுக்கம் வந்ததும் கூலர் வேலைக்கு ஆகவில்லை. ஜூலையில் ஏசி வாங்கிப் புது லைனில் மாட்டினார்கள். எம்.சி.பி. ஒரு முறைகூட விழவில்லை. அந்த மாத பில் 370 யூனிட்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நான் பெரிதாகத் தவறவிட்டது ஒன்று உண்டு. பகலில் ஜன்னலை மூடி, ராத்திரி வெளியே குளிர்ந்த பிறகு திறந்து காற்று விடுவது என்று ஒரு முறையை எழுதி, குளிர்பெட்டி மேல் ஒட்டியிருந்தேன். செவிலியர்கள் மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை தூங்குபவர்கள். நாங்கள் சீர்செய்த கூரை அவர்களுக்குப் பெரும்பாலும் உதவியது அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில்! மே மாதம் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. கிழக்கு அறையைப் பகல் தூக்கத்துக்கு மாற்றி, அந்த ஜன்னலுக்கும் வெளியே தட்டி கட்டி, கூலரை அங்கே நகர்த்தினோம். குடிவருபவர்கள் எந்த அறையில், எந்த நேரத்தில் தூங்குவார்கள் என்று அக்டோபரிலேயே கேட்டிருக்க வேண்டும். 2024-லும் இதைக் கேட்டிருந்தால், வயதானவர் மின்விசிறியை மட்டும் நம்பிக் கூடத்தில் படுப்பது தெரிந்திருக்கும்.

கூரைப் பூச்சை ஹோலிக்கு முன்பே முடிக்க வேண்டும். ஏப்ரல் புழுதிக்காலம். மேஸ்திரியிடம் தேதியை உறுதி செய்து ஜனவரியிலேயே முன்பணம் கொடுத்திருந்தால், மூன்றாவது கை தேவைப்பட்டிருக்காது.

பூசிய வெள்ளை அப்படியே நிற்காது. ஜூன் நடுவில் பார்த்தபோது புழுதி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. துடைப்பத்தால் கழுவிய பிறகு மீண்டும் வெளுத்தது. இப்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் மாதம் ஒருமுறை மொட்டைமாடி கழுவும் கூலியை வீட்டுக்காரர் கொடுப்பார்.

இன்னொன்று, எலக்ட்ரீஷியன் எம்.சி.பி.யைப் பெரிதாக்கியதை 2024-ல் குடியிருந்தவர்கள் என்னிடம் சொல்லவில்லை. தொந்தரவு கொடுக்கிறோமே என்ற தயக்கம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தத் தயக்கம் எப்போதும் இருக்கும், அதை அவர்களாகவே விடமாட்டார்கள். அதனால் மார்ச் முதல் ஜூலை வரை மாதம் ஒருமுறை நானே மேலே போய், போர்டையும் சாக்கெட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சேலத்து அம்மா நலமாக இருக்கிறார். மகன் குடும்பம் இப்போது துவாரகாவில் முதல் மாடியில் குடியிருக்கிறது. செவிலியர்கள் ஒப்பந்தத்தை இன்னும் பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். வாடகையை ஏற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் பாதியின் தார் ஷீட்டை உரிக்க அதே மேஸ்திரியிடம் விலை கேட்டிருக்கிறார். வேலை பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.